முகாமிலிருந்து சொந்த வீடு வரை: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் அம்மாவின் வீடு கட்டி முடிந்ததிலிருந்து கிழமைக்கு ஒருவராவது எங்கள் படலையில் வந்து நிற்கிறார். கையில் ஒரு சொப்பிங் பேக், அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்த கடதாசிகள். "தங்கச்சி, இத ஒருக்காப் பாருங்கோ" என்பார்கள். நான் சட்டத்தரணி இல்லை, முன்பள்ளி ஆசிரியை. ஆனால் 2006 முதல் 2018 வரை எங்களுக்கென்று ஒரு வீடு இருக்கவில்லை. அந்தக் காலம் முழுக்க அம்மாவோடு கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் காணிப் பதிவகத்துக்கும் அலைந்தவள் நான்தான். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வெருகல், தோப்பூர், குச்சவெளி, தென்னமரவாடி என்று எங்கிருந்து வருகிறவர்களுக்கும் இதில் ஏதாவது உதவும்.

நீங்கள் எப்படி வீடில்லாமல் போனீர்கள்?

2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்று பின்னேரமே சம்பூர்ப் பக்கம் குண்டு விழத் தொடங்கிவிட்டது. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மம்மா அடுப்பில் வைத்த சோற்றை இறக்கவில்லை. "நாளைக்கு வந்திரலாம்" என்று மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு வந்தோம்.

ஈச்சிலம்பற்றில் பள்ளிக்கூட விறாந்தை. ஓகஸ்டில் மூதூர்ச் சண்டை வந்தபின் வாகரை. பிறகு மட்டக்களப்பில் தரப்பாள் கூடாரம். 2007இல் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாம். இடைத்தங்கல் என்ற பெயரை நம்பித்தான் போனோம். எட்டு வருடம் அங்கே தகரக் கொட்டிலில் இருந்தோம். மத்தியானத்தில் உள்ளே நிற்க முடியாது, மாரியில் வெளியே நிற்க முடியாது. 2011இல் அப்பா அந்தக் கொட்டிலில்தான் இறந்தார்.

2006 செப்டம்பரில் இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. அடுத்த வருடம் அரசாங்கத்தின் வர்த்தமானி அறிவித்தலில் ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. அனல் மின் நிலையத்துக்கென்று ஒரு பகுதி ஒதுக்கினார்கள். 2012இல் 818 ஏக்கர் முதலீட்டு வலயமாகப் போனது. அதற்குள்தான் எங்கள் வளவும் இருந்தது. எங்களை வீட்டைவிட்டு எழுப்பியது எறிகணை. திரும்பிப் போக விடாமல் வைத்திருந்தது வர்த்தமானி. சண்டை முடிந்த பிறகும் ஆறு வருடம் அகதியாக இருந்தவர்களிடம் "யுத்தம்தானே காரணம்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

மாற்றுக் காணி தந்தபோது ஏன் வாங்கவில்லை?

அப்பா மறுத்தார். வயலும் கடலும் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மனிதன், காட்டோரத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன செய்வார்? அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று: அங்கே கையெழுத்து வைத்தால் சம்பூரை விட்டுக்கொடுத்ததாகப் போய்விடுமோ என்பது. வாங்கிப் போனவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு தகரத்துக்குள் எவ்வளவு காலம் இருப்பது? ஒன்று மட்டும் சொல்வேன். உங்களுக்கு விளங்காத மொழியில் இருக்கும் கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டாம். மொழிபெயர்த்துத் தரும்படி கேளுங்கள், ஒரு பிரதியையும் கேட்டு வாங்குங்கள். தமிழில் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

காணி எப்படித் திரும்பக் கிடைத்தது?

2015 மே மாதம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த 818 ஏக்கர் ஒதுக்கீட்டை இரத்துச் செய்தார். வழக்கொன்றால் இழுபட்டு ஓகஸ்டில்தான் ஊருக்குள் போக விட்டார்கள். கடற்படை முகாம் இருந்த பகுதி 2016 மார்ச்சில் விடுபட்டது.

இதை ஜனாதிபதி ஒருவர் கொடுத்த கொடையாக மட்டும் நான் பார்க்கவில்லை. முகாமில் இருந்த பெண்கள் ஒன்பது வருடம் விடாமல் மகஜர் எழுதினார்கள், வந்த ஒவ்வொரு அதிகாரியிடமும் ஒரே கதையைச் சொன்னார்கள். என் அம்மாவுக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. எத்தனை மகஜர்களில் அவருடைய கையெழுத்து இருக்கிறது என்று எண்ண முடியாது.

போய்ப் பார்த்தபோது ஊரே இல்லை. வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள், மேலே பற்றைக்காடு. பத்திரகாளி அம்மன் கோயிலிலிருந்து ஒழுங்கையைக் கணக்குப் பண்ணி நடந்து, கிணற்றைத் தேடிப் பிடித்தோம். கிணறு தூர்ந்து கிடந்தது, ஆனால் கட்டு எங்களுடையதுதான். அப்பா சீமெந்தில் கீறிய வருடம் அதில் அப்படியே இருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு அம்மா கனநேரம் குந்தியிருந்தார்.

காணி உறுதிப்பத்திரம் தொலைந்துவிட்டது. காணி எங்களுடையது என்று எப்படிக் காட்டுவது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். மனம் விட்டுப்போவதும் இதில்தான். முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: வீட்டிலிருந்த உறுதி எரிந்துபோனால் காணியும் போய்விட்டதென்று அர்த்தமில்லை. நொத்தாரிசு ஒரு உறுதியை எழுதும்போது அவரிடம் ஒரு பிரதி தங்குகிறது, இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. அந்த இணைப்பிரதியிலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

கஷ்டம் தேடுவதில்தான் இருக்கிறது. உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் வருடமும் தெரிந்தால் வேலை சுகம். தெரியாவிட்டால் காணியின் பெயர், கிராமம், விஸ்தீரணம், நாலு பக்கத்து எல்லைகள் இவற்றை வைத்துத்தான் தோம்பில், அதாவது பதிவகத்தின் காணிப் பேரேட்டில், தேட வேண்டும். அம்மாவுக்கு இலக்கம் தெரியாது. எல்லை தெரியும். வடக்கே ஒழுங்கை, தெற்கே பெரியம்மாவின் வளவு, மேற்கே கோயில் காணி, கிழக்கே இன்னாரின் காணி என்று பாட்டுப்போலச் சொல்வார். அது அம்மம்மா அவருக்குச் சீதனமாக எழுதிய உறுதி. கலியாணத்துக்கு முதல்நாள் நொத்தாரிசு வாசித்துக் காட்டியதை அப்படியே மனதில் வைத்திருந்தார். அந்த நாலு வரியை வைத்துத்தான் மூன்றாம் தரம் போனபோது பதிவு அகப்பட்டது.

ஆகவே வீட்டிலுள்ள வயசான ஆட்களிடம் இன்றைக்கே இருந்து எல்லைகளைக் கேட்டு எழுதுங்கள். பக்கத்துக் காணிக்காரரின் உறுதியிலும் உங்கள் பெயர் எல்லையாக இருக்கும், அதுவும் சாட்சிதான். பழைய வாக்காளர் இடாப்பு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உள்ள முகவரி, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், சங்கக் கடைக் கூப்பன் எதையும் எறிய வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் சின்னது, சேர்த்து வைத்தால் ஒரு ஊர் ஆளென்று காட்டும்.

எங்களிடம் உறுதி இல்லை, பேர்மிட் மட்டும்தான். அது சொந்தக் காணியா?

பாதிச் சொந்தம். பேர்மிட், அதாவது அனுமதிப்பத்திரம், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கொடுப்பது. நீங்கள் குடியிருந்து பயிர்செய்யலாம். உங்களுக்குப் பிறகு யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பதியலாம். நினைத்த மாதிரி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. நிபந்தனைகளை நிறைவேற்றினால் அளிப்புப் பத்திரம் கிடைக்கும். அதற்குப் பிறகும் கைமாற்ற வேண்டுமானால் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

பேர்மிட் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் உள்ள பேரேட்டில் பெயரைத் தேடச் சொல்லுங்கள். பின்னுரித்தாளர் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பதையும் மறக்க வேண்டாம். பதியாமல் ஆள் இறந்தால் சட்டத்தின் அட்டவணைப்படிதான் உரித்துப் போகும். அந்த அட்டவணை நெடுங்காலம் மகனை முன்னுக்கும் மகளைப் பின்னுக்கும் வைத்திருந்தது. 2022இல்தான் திருத்தினார்கள். பெண்ணுக்கு வீடு கொடுக்கிற எங்கள் பக்கத்து வழக்கத்துக்கு நேர்மாறாக ஒரு சட்டம் எண்பத்தேழு வருடம் ஓடியிருக்கிறது.

நாங்கள் இல்லாத நேரம் வேறொருவர் எங்கள் காணியில் குடியேறிவிட்டார். பத்து வருடம் ஆனால் அவருக்கே சொந்தமாமே?

தனியார் காணியில் பத்து வருடம் எதிரான ஆட்சி செய்தால் உரிமை கோரலாம் என்று சட்டம் இருப்பது உண்மை. ஆனால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் தன் காணிக்குப் போக முடியாமல் இருந்தவருக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது அது. வழக்குத் தொடர அது கொடுத்த அவகாசம் இரண்டே வருடம். எங்கள் ஊர்களில் கனபேருக்குச் சட்டம் வந்த செய்தி தெரியும்போதே அவகாசம் முடிந்துவிட்டது. இந்த விஷயத்தில் என்னிடம் கேட்பதைவிடத் திருகோணமலையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குக் காசு வாங்காமல் பார்ப்பார்கள்.

குடியேறியவரோடு சண்டைக்கு நிற்க வேண்டாம். அவரும் பெரும்பாலும் எங்கிருந்தோ ஓடி வந்தவராகத்தான் இருப்பார். 2006இல் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு நடந்துபோன முஸ்லிம் குடும்பங்களை நாங்கள் மறக்கக் கூடாது.

வீட்டுத்திட்டத்தில் பெயர் வருவதற்கு என்ன செய்ய வேண்டும்?

காணிக்கான ஆதாரம், மீள்குடியேறியதற்கான கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், முன்பு எந்தத் திட்டத்திலும் வீடு எடுக்கவில்லை என்ற நிலை. பெரும்பாலான திட்டங்களில் இந்த மூன்றும்தான் அடிப்படை. பிறகு புள்ளி போடுவார்கள்: பெண் தலைமைக் குடும்பமா, மாற்றுத்திறனாளி இருக்கிறாரா, வயசானவர், சின்னப் பிள்ளைகள் எத்தனை என்று. பட்டியலை ஒட்டும்போது போய்ப் பாருங்கள். ஆட்சேபம் சொல்ல நாள் கொடுப்பார்கள், அதை விட்டால் பிறகு அழுது பயனில்லை. எங்கள் பெயர் முதல் பட்டியலில் இல்லை. ஒரு அலுவலகத்தில் அப்பாவை இன்னும் குடும்பத் தலைவராக வைத்திருந்தார்கள். மரணச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டித் திருத்த இரண்டு மாதம் எடுத்தது.

தந்த காசுக்கு வீடு கட்டி முடிக்க முடியுமா?

முடியாது. நேராகவே சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு முழுதாக உடைந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபா கொடுத்தார்கள். 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஐந்தரை இலட்சம். நாங்கள் கட்டியபோது எட்டு இலட்சம். எல்லாமே பயனாளி தானே நின்று கட்டுகிற முறை. சுமார் 550 சதுர அடி: இரண்டு அறை, ஒரு மண்டபம், குசினி.

அக்கா நாலு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசில் மூன்று இலட்சம் வீட்டுக்குள் போனது. தம்பியும் நானும் கல் அரிந்தோம், மண் சுமந்தோம். அந்தக் கூலியைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் கூடும். அக்கா போகும்போது அவளுடைய மகனுக்கு இரண்டு வயது. அவன் அம்மாவைப் படத்தில் பார்த்துத்தான் பேசப் பழகினான். வீடு கட்டிய செலவைக் கேட்கிறவர்களிடம் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காசு கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம் முடித்தால்தான் அடுத்தது, பிறகு லிண்டல் மட்டம், பிறகு கூரை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து எழுதும்வரை கை வெறுமை. அந்த இடைவெளியில் மேசன் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே ஒரு கட்டம் முடிக்கத் தேவையான சாமானை முழுதாக எடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

நாளும் முக்கியம். பஞ்சாங்கத்தைச் சொல்லவில்லை, அதை நீங்களே பார்ப்பீர்கள். தை மழை ஓய்ந்ததும் அத்திவாரம் வெட்டி, கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுவர் எழுப்பி, ஐப்பசி மழைக்கு முன் கூரை போட்டுவிட வேண்டும். நாங்கள் 2017 மாசியில் தொடங்கிப் புரட்டாசியில் ஓடு போட்டோம். பிந்தினவர்களின் சுவர் மாரி முழுக்க நனைந்தது.

கடற்கரை மண்ணைத் தொடவே வேண்டாம். சும்மா கிடக்கிறது, வண்டில் கூலி மட்டும்தான் என்று அள்ளிப் பூசினவர்களின் சுவரில் உப்புப் பூத்து, இரண்டாம் வருடமே பூச்சுக் கழன்றது. ஆற்று மண் விலைதான், அனுமதி உள்ளவரிடம் வாங்குங்கள். கிணற்று நீர் உவர் என்றால் கலவைக்கு வேறு நீர் எடுங்கள். எங்கள் கிணற்றைத் தூரெடுத்து நாலு நாள் இறைத்த பிறகுதான் நல்ல தண்ணீர் ஊறியது.

இரும்பில் செய்த ஆயத்த வீடு நல்லதில்லையா?

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 ஆயத்த வீடுகள் என்று ஒரு திட்டம் பேசப்பட்டது. ஒரு வீடு 20 இலட்சத்துக்கும் மேல். அந்தக் காசில் இரண்டு கல் வீடு கட்டலாமே என்று மக்களும் கட்டடக் கலைஞர்களும் கேட்டார்கள். எட்டு வருடம் தகரத்துக்குள் வெந்தவள் நான். இன்னொரு உலோகச் சுவரை எனக்குக் காட்ட வேண்டாம்.

வீட்டை முடிக்க நுண்கடன் எடுக்கலாமா?

வேண்டாம். கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடனை, கிழமைக்குக் கிழமை வருமானம் இல்லாதவர் எடுக்கக் கூடாது. ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்து, கடைசியில் கூரைத் தகட்டைக் கழற்றி விற்ற பெண்ணை எனக்குத் தெரியும். பூசாத சுவரோடு இருங்கள், ஒன்றும் குறையாது. எங்கள் வீட்டு வெளிச்சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. ஆயிரம் ரூபாயளவில் இருந்த சீமெந்துப் பை 2022இல் மூவாயிரம் தாண்டியபோது அந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டோம்.

வீட்டை யாருடைய பெயரில் எழுத வேண்டும்?

பெண்ணின் பெயரில், அல்லது இருவர் பெயரிலும். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தாய்வழி வளவு மகளுக்குப் போவது நெடுநாள் வழக்கம். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மருமகன் வந்து குடியிருக்கிற வீடுதான் வீடு. ஆனால் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் ஆணின் பெயரை எழுதிவிடுகிறார்கள். மனைவியின் சீதனக் காணியில் கட்டிய வீட்டுக்குக் கணவர் பயனாளியாகிப் பிறகு குழப்பம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். படிவம் நிரப்பும் அன்றைக்கே கேளுங்கள்.

உறுதிக் காணியை விட்டுவிட்டு ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால், நாட்டின் பொதுச் சட்டப்படி பாதி கணவனுக்கோ மனைவிக்கோ, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்களுக்கு அவர்களுடைய சட்டம்.

கணவர் காணாமற்போய்விட்டார். மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லை.

எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அக்கா. 2016 முதல் காணப்படாமைச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. அவர் இறந்ததாகச் சொல்லாமலே காணி, வங்கி, நலத்திட்ட வேலைகளைப் பார்க்க அது உதவும். பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம், நான் வருகிறேன்.

எங்களுக்கு ஊரிலும் காணி இல்லை. டவுனில் வாடகைக்கு இருக்கிறோம். வழி இருக்கிறதா?

உங்கள் பாதை எங்களுடையதைவிடக் கடினம். வீட்டுத்திட்டம் எல்லாம் காணி இருப்பவருக்குத்தான். லிங்கநகர் போன்ற இடங்களில் பல வருடம் குடியிருந்தும் உரிமைப் பத்திரத்துக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காணியற்றவர் என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் விண்ணப்பித்து, காணிக் கச்சேரி (காணி கேட்டவர்களை நேரில் விசாரித்துத் தெரிவுசெய்யும் கூட்டம்) நடக்கும்போது நேரில் போங்கள். காசு சேர்த்து வாங்குவதானால் பத்துப் பேர்ச் என்றாலும் உறுதிக் காணியாக வாங்குங்கள். பேர்மிட் காணியை வெள்ளைக் கடதாசியில் எழுதி முத்திரை ஒட்டி விற்பார்கள். மலிவாக இருக்கும். அந்தக் கடதாசி உங்களை ஒருநாளும் உரிமையாளராக்காது. வாங்க முன் பதிவகத்தில் தோம்பைப் பார்த்து, நில அளவையாளரைக் கொண்டு அளந்து, நொத்தாரிசிடம் போங்கள்.

இது எங்கள் வீடு என்று எப்போது உணர்ந்தீர்கள்?

2018 தையில் குடிபூரல் வைத்தோம். பால் பொங்கினது, அம்மம்மாவின் படத்தை மண்டபத்தில் மாட்டினோம். அன்றைக்கும் அம்மா ஒரு பயணப் பையைக் கட்டில் காலடியில் கட்டித்தான் வைத்திருந்தார். உடுப்பு, டோச் லைட், கடதாசிகள். கனகாலம் அந்தப் பை அங்கேயே இருந்தது.

2023இல் அம்மா வீட்டை அக்காவுக்கு நன்கொடை உறுதியாக எழுதினார், தன் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அங்கே இருக்கிற உரிமையை, வைத்துக்கொண்டு. நொத்தாரிசு எல்லைகளை வாசித்தார். கிழக்கு எல்லையில் பழைய உறுதியிலிருந்த அயலவரின் பெயர் வந்தது. அவர் வாகரையில் இறந்துவிட்டார், பிள்ளைகள் யாரும் ஊருக்குத் திரும்பவில்லை. "அம்மா, இவர் இப்ப இல்லத்தானே. வேற பேர் போடுவமா?" என்று நொத்தாரிசு கேட்டார்.

"ஆள்தான் இல்ல. காணி இருக்குதுதானே தம்பி, புள்ளையள் வருங்கள். அவர்ட பேரையே எழுதுங்க" என்றார் அம்மா.

அவர் எழுதினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா பையை அவிழ்த்து உடுப்புகளை அலுமாரியில் அடுக்கினார்.